விதை பிடிக்காத புல்லுக்கு வம்சம் கிடைத்த விதம்

கோவேறு கழுதை குட்டி போடாது. தாய்க் குதிரைக்கு 64 குரோமோசோம், தகப்பன் கழுதைக்கு 62, பிறக்கும் குட்டிக்கு 63. விந்தோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டும். தாய்வழி வந்ததும் தகப்பன்வழி வந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் வம்சம் அதோடு முடிந்தது.

இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு புல் இதே முட்டுச்சந்தில் மாட்டி, வெளியே வந்தது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த ஸ்பார்டினா புல் ஒன்று, கப்பல் போக்குவரத்தோடு சவுத்தாம்ப்டன் பக்கம் வந்து வேர்பிடித்தது. அங்குள்ள சேற்றில் ஐரோப்பிய ஸ்பார்டினா ஏற்கெனவே இருந்தது. வந்ததற்கு 62 குரோமோசோம், இருந்ததற்கு 60. இரண்டும் கலந்து பிறந்த புல் 1870இல் ஹைத் என்ற ஊரில் கிடைத்தது. பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. மண்ணுக்குள் ஓடும் தண்டை வைத்துத்தான் பரவியது.

அப்புறம், 1890களில், அதே கரையில் விதை பிடிக்கும் செடிகள் தென்பட்டன. கலப்புப் புல்லின் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்து, சுமார் 120 ஆகியிருந்தது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலாக ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், மலடு நீங்கியது. ஒரு மனித ஆயுளுக்குள் புதிய இனமே பிறந்துவிட்டது! ஸ்பார்டினா ஆங்லிகா என்று அதற்குப் பெயர். பிறந்த இடமும் காலமும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இனங்கள் மிகக் குறைவு.

இந்தப் புல்லில் செடிக்குச் செடி மரபணு வேறுபாடு மிகக் குறைவு. அப்படிப்பட்ட இனம் தடுமாறும் என்றுதான் நினைப்போம். ஆனால் இரு பெற்றோரின் மரபணுக்களும் ஒவ்வொரு செடிக்குள்ளும் சேர்ந்தே இருக்கின்றன. அதோடு, கலப்பு நடந்தபோது டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் பெரிதும் மாறின. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்கு உண்டு.

இலையைக் கிட்டத்தில் பார்த்தால் வெள்ளையாக உப்புப் படிகங்கள் தெரியும். உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. அடர்ந்த தண்டுகளில் மோதி அலை வேகம் குறைகிறது, சேறு படிகிறது, தரை உயர்கிறது. உள்ளான் பறவைகள் புழு தேடும் திறந்த சேற்றுவெளி புல்வெளியாகிவிடுகிறது.

இந்தச் சேறு பிடிக்கும் குணத்துக்காகவே, கரையைக் காக்கலாம் என்று நெதர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சீனா என்று மனிதர்களே கொண்டுபோய் நட்டார்கள். அதே காலத்தில், பிறந்த தென்கரையில் 1920களிலிருந்து அது பல இடங்களில் அழுகத் தொடங்கியது, நீர் வடியாத, காற்றுப் புகாத சேற்றில்.