புயல் ஊரில் வாசலுக்கு எந்த மரம்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து ஓய்ந்த பிறகு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் சாய்ந்து கிடந்த இயல்வாகை மரத்தின் அடிப்பாகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கவிழ்த்த தாம்பாளம்போல் மண்ணோடு பெயர்ந்து நின்ற அந்த வேர்த்தட்டின் கனம் இரண்டடிகூட இல்லை. வீட்டுப் பக்கத்து வேர்கள் நீளநீளமாகப் பிய்ந்து தொங்க, தெருப் பக்கத்து வேர்கள் மட்டும் ரம்பத்தால் அறுத்ததுபோல் ஒரே நேர்கோட்டில் முடிந்திருந்தன. வடிகால் கட்டியபோது வெட்டிய வேர்கள் அவை. தெருப் பக்கமிருந்து காற்று வந்தது; மரம் காம்பவுண்டு சுவரை உடைத்துக்கொண்டு வீட்டின் மேல் விழுந்தது.

வாசலில் மரம் நின்றால் வீட்டுக்கு விலை கூடும் என்பது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வீட்டு விற்பனை விவரங்களை ஆராய்ந்த டோனவன், பட்ரி ஆகிய இருவரும், தெருவோர மரங்கள் விற்பனை விலையைச் சராசரியாக 8,870 டாலர் உயர்த்துவதாகவும், வீடு 1.7 நாள் முன்னதாகவே விலைபோவதாகவும் 2010இல் எழுதினார்கள். பரப்பு, வயது, இருப்பிடம் முதலியவற்றால் வரும் விலை வேறுபாட்டைக் கணக்கில் கழித்துவிட்டு, மிஞ்சுவதில் மரத்தின் பங்கைக் காண்பது இந்த முறை. அந்தத் தொகையை நம்மூருக்கு மாற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. புயல் வழியில் இருக்கும் கடற்கரையில், நிற்கத் தெரிந்த மரமே சொத்து. விழப்போகும் மரம் வீட்டின் மேல் வைத்த கடன்.

மரம் நிற்பதும் விழுவதும் நெம்புகோல் கணக்குதான். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. அடர்ந்த தலையில் பாய்மரத்தில் மோதுவதுபோல் மோதும் அந்த விசை, தண்டின் உயரத்தையே நெம்புகோலாகக்கொண்டு வேரைப் பெயர்க்கிறது. அதை எதிர்ப்பவை, காற்று வரும் பக்கத்தில் கூடாரக் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கும் பக்கவேர்களும், அவற்றைக் கவ்வியிருக்கும் மண்ணும்தான். ஆணிவேர் ஆழமாகப் போய் மரத்தைக் காக்கும் என்று நாம் நம்புகிறோம்; ஆனால் வளர்ந்த மரங்களில் பெரும்பான்மை வேர்கள் மேல்மண்ணிலேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் படர்கின்றன. மண் ஊறினால் அதன் பிடியும் தளரும். 2024இல் ஃபெஞ்சல் புயல் தானே அளவுக்கு வேகமாக வீசவில்லை என்றாலும், புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டிய மழை மண்ணைக் குழம்பாக்கியது. காற்று குறைவு என்று அப்படிப்பட்ட நாளில் அசட்டையாக இருக்க முடியாது.

வேர் அஸ்திவாரத்தை உடைக்கும் என்ற அச்சத்தில் பாதிதான் உண்மை. வேர் ஈரத்தைத் தேடிப் போவது. ஏற்கெனவே விரிசல் விட்ட குழாயிலும் செப்டிக் டேங்கிலும் நுழையுமே தவிர, நல்ல கான்கிரீட்டைத் துளைப்பதில்லை. கெடிலம், தென்பெண்ணைக் கரைகளின் களிமண்ணில் ஆபத்து வேறு வழியில் வருகிறது: கோடையில் வேர் நீரை உறிஞ்ச, களிமண் சுருங்க, அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கும். தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கில் இந்தச் சுருக்கம் இல்லை.

எந்தப் பக்கம் நடுவது? ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. அப்போது பக்கத்தில் நிற்கும் மரத்தால் மொட்டைமாடிக்கு நண்பகல் நிழல் அவ்வளவாகக் கிடைக்காது. பிற்பகலில் சாய்ந்த வெயிலைத் தாங்கும் மேற்குச் சுவர்தான் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் அறைக்குள் விடுகிறது. ஆகவே நிழல் மரம் மேற்கே. இலைகள் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால் சுமார் 67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும். ஆனால் நம் கரையின் ஈரக்காற்றில் ஆவியாதல் மட்டுப்படுவதால், நான் நிழலைத்தான் அதிகம் நம்புவேன். பகலில் கடற்காற்று வரும் கிழக்கை அடைத்துவிடாமல், கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்து திறந்துவைக்க வேண்டும்.

இயல்வாகையும் செம்மயிற்கொன்றையும் (குல்மோகர்) சில ஆண்டுகளிலேயே தலைதூக்கிப் பூவில் மயக்குவதால் வீடு கட்டியவர்கள் அவற்றையே கேட்கிறார்கள்; வேகமாக வளரும் அவற்றின் கிளைகள் எளிதில் முறிபவை. மெதுவாக வளரும் மகிழம் வாசலுக்கு என் முதல் தேர்வு: கிளை உறுதியானது, இலை எப்போதும் பசுமையானது, பூவோ வாடினாலும் மணப்பது. உப்புக்காற்று நேரே படும் மனைக்குத் தடித்த இலைகொண்ட புன்னையும் பூவரசும் பொருந்தும். மேற்கே புங்கன் அல்லது வேம்பு. இடம் குறுகியதென்றால் சரக்கொன்றையோடு நிறுத்திக்கொள்ளலாம். புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கம், பீரங்கிக் குண்டுபோன்ற காய்களை உதிர்ப்பதால் கார் நிறுத்தும் இடத்துக்கு ஆகாது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் பாலித்தீன் பையின் அடியைப் பாருங்கள். நாள்பட்ட கன்றின் வேர் பைக்குள்ளேயே சும்மாடுபோல் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாக விரியாமல், தண்டு பருத்ததும் அதையே நெரித்து, ஒரு பக்கப் பிடியில்லாத மரமாக்கிவிடும். சுருண்ட வேர்களைக் கத்தியால் நெடுக்காக நாலு இடத்தில் கீறி, பக்கத்துக்கொன்றாக விரித்துவிட்ட பிறகே குழியில் இறக்க வேண்டும்.