12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் வேனையே எரித்துவிடும்

கேம்பர் வேனில் சோலார் பொருத்த வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் பேனல், எத்தனை ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்பதைத்தான். எந்த வயர், எந்த ஃப்யூஸ் என்று கேட்பவர்கள் அபூர்வம். பேனலும் பேட்டரியும் கண்ணுக்குத் தெரிகின்றன, விலையும் அதிகம். அதனால் கவனம் முழுவதும் அங்கே போய்விடுகிறது. ஆனால் கருகிய வாடையோடு என் பட்டறைக்கு வரும் வேன்களில் பழுது பெரும்பாலும் அந்த இரண்டிலும் இருப்பதில்லை. மரப்பலகைக்குப் பின்னால் ஓடும் வயரில், அதன் முனையில் நசுக்கிவிட்ட லக்கில் (வயரைப் போல்ட்டில் மாட்டுவதற்கான உலோக முனை), வைக்காமல் விட்ட ஃப்யூசில்தான் இருக்கிறது.

"12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஒன்றும் ஆகாது" என்று துணிச்சலாக வேலையில் இறங்குகிறார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1200 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட் வீட்டு இணைப்பில் சுமார் 5 ஆம்பியர்தான் இழுக்கும். அதே கெட்டிலை வேனில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வந்தாக வேண்டும். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 110 ஆம்பியர். வயரைச் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான், அதுவும் வர்க்க விகிதத்தில். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இருபது மடங்கானால் நானூறு மடங்கு. வீட்டில் பத்து வருடம் பேசாமல் கிடக்கும் ஒரு தளர்ந்த இணைப்பு, வேனில் ஒரு முறை தண்ணீர் கொதிப்பதற்குள் பழுப்பேறிவிடுவது இதனால்தான்.

ஒரு வேனைப் பற்றிச் சொல்கிறேன். பேட்டரி நிறைந்திருந்தும், கெட்டிலைப் போட்ட சில நொடிகளில் இன்வெர்ட்டர் பீப் ஒலி எழுப்பி, பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் காட்டி நின்றுவிடுகிறது என்பது புகார். யாரோ பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று சொல்ல, அதன் உரிமையாளர் புதிய லித்தியம் பேட்டரியே வாங்கிப் போட்டிருந்தார். புகார் மாறவில்லை. சுமை ஓடும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இன்வெர்ட்டர் முனையில் 11 வோல்ட்டுக்கும் கீழே. நடுவில் இரண்டு வோல்ட் காணாமல் போயிருக்கிறது என்றால், 200 வாட்டுக்கு மேல் வழியிலேயே சூடாகக் கொட்டுகிறது என்று பொருள். பலகையைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது: வயர் தேவைக்குப் பாதிகூட இல்லை, லக்கைச் சாதாரண பிளையரால் நசுக்கியிருக்கிறார்கள், அதன் கழுத்தில் உறை சுருங்கிப் பளபளத்து, அடியில் இருந்த பலகை காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. கையால் லேசாக இழுத்ததற்கே வயர் லக்கை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பலகைக்கு மறுபக்கம் குழந்தைகள் படுக்கும் கட்டில்.

ஒரு லக்கில் 5 மில்லி ஓம் தடை மட்டும் கூடுதலாக இருக்கட்டும். சாதாரண மல்டிமீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆனால் 100 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு புள்ளியில் 50 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னை மரத்தோடு சேர்த்துக் கட்டி வைப்பது போலத்தான் அது. ஆகவே பெரிய வயர்களுக்கு லக் அடிக்கும்போது அந்த அளவுக்கே உரிய அறுகோண வாய் கொண்ட கிரிம்பிங் கருவியைப் பயன்படுத்துங்கள். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள், அல்லது லக் அடித்த வயராகவே வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தபின் இரண்டு கையாலும் பலம்கொண்டு இழுத்துப் பாருங்கள். ஈயம் உருக்கி ஊற்றிவிட்டால் உறுதியாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈயம் வயர் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். ஓடும் வண்டியின் அதிர்வில், விறைத்த இடம் முடியும் எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும்.

வயரை வாங்கும்போது முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமன் உள்ள செம்பு வயரை விட அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர வேனில் அதற்கு எந்தத் தகுதியும் இல்லை.

தடிமனைப் பற்றியும் ஒரு கணக்கு. ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், போகவும் வரவும் 10 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இந்த நீளத்துக்குத் தடை சுமார் 0.12 ஓம். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பாதி தீர்ந்த லெட் ஆசிட் பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கும்போது ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.6 தான். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அது இன்னும் சரிய, ஃபிரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நள்ளிரவில் இது நடந்தால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுகிறார்கள். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் இழப்பு 0.15 வோல்ட்டோடு நின்றிருக்கும்.

இனி ஃப்யூஸ். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஃப்யூஸ் இருப்பது கருவியைக் காக்க அல்ல, வயரைக் காக்க. ஆகவே அதன் இடம் கருவியின் அருகில் இல்லை. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரிக்கும் ஃப்யூசுக்கும் இடையில் உள்ள வயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாத வயர். அந்தத் துண்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வேனின் தகர உடம்பே பெரும்பாலும் மைனஸ். தகரத்தில் போட்ட துளை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் போகும் பிளஸ் வயர், உறை தேய்ந்து தகரத்தைத் தொட்டால் போதும், நேர் ஷார்ட். அடிக்கடி ஃப்யூஸ் எரிகிறது என்று அடுத்த பெரிய அளவைப் போட்டுவிடுவது மிக ஆபத்தான பழக்கம். ஃப்யூசின் அளவு, கருவி இழுக்கும் அதிகபட்ச மின்னோட்டத்தை விடக் கூடுதலாகவும், வயர் தாங்கும் அளவை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் எந்த ஃப்யூசும் பொருந்தவில்லை என்றால் மாற்ற வேண்டியது வயரை.

லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் உள்தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் கணப்பொழுதில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வில் அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கலாம். எவ்வளவு மின்னோட்டத்தை ஃப்யூஸ் பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்பது அதன் தகவல் தாளில் இருக்கும். 'கிளாஸ் டி' (Class T) வகை ஃப்யூஸ்கள் 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கக் கூடியவை. பேட்டரிக்குள் பிஎம்எஸ் இருக்கிறதே, ஃப்யூஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். பிஎம்எஸ் செல்களைக் கவனிக்கும் மின்னணுச் சுவிட்ச். அதில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுப் பாகம் கெடும்போது திறந்துகொள்ளாமல் மூடியபடியே கெடவும் கூடும். அப்போது காப்பாற்ற ஃப்யூஸ் ஒன்றுதான் மிச்சம்.

வீட்டு பிரேக்கரை எடுத்துப் பேனல் லைனில் மாட்டுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்த இடைவெளியில் தீப்பொறி தானே அணையும். பேனலும் பேட்டரியும் தருவது டிசி. அதில் அந்த இடைவெளியே கிடையாது. டிசிக்கென்றே செய்த பிரேக்கர்தான் வேண்டும்.

பேட்டரி வகையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது பணத்தையும் பயணத்தையும் பொறுத்தது. ஆனால் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இந்த வேலைக்குப் போடாதீர்கள். அதன் தகடுகள் மெல்லியவை; சில நொடிகள் பெரும் மின்னோட்டம் கொடுப்பதற்கானவை. தினமும் ஆழமாக வடிய விட்டால் சீக்கிரமே செத்துவிடும். டீப் சைக்கிள் லெட் ஆசிடிலும் பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால்தான் ஆயுள். திரவ பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். மூடிய பெட்டி என்றால் வெளியே போகும் குழாய் கட்டாயம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உலோக லித்தியம் செல்லுக்குள் படிந்து நிரந்தரச் சேதமாகிவிடும். பேட்டரி எதுவானாலும் சரி, கட்டிப் பொருத்துங்கள். 25, 30 கிலோ எடை, திடீரென்று பிரேக் அடித்தால் முன் இருக்கையைத் தேடி வரும்.

எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேரடியாக ஒரு ரிலே வைத்து இணைத்துவிடுவதும் தவறு. காலியான லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், சூடோ உச்சத்தில் இருக்கும். இப்படித்தான் அவை கருகுகின்றன. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் இடையில் வேண்டும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்தத் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்வதால், அங்கே ரிலே எப்படியும் ஒழுங்காக வேலை செய்யாது.

கூரைக்கு வருவோம். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட்டம் விடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஒட்டிவிடும் வளையும் பேனல்கள் இதனாலேயே எனக்குப் பிடிப்பதில்லை. காற்றுப்போக்கியின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பகுதி முடங்கலாம். எனவே இடத்தை அளக்கும்போது நிழலையும் அளந்துகொள்ளுங்கள். பேனல்களைத் தொடராக இணைப்பவர்கள் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். 22 வோல்ட் பேனல்கள் இரண்டு சேர்ந்தால் காகிதத்தில் 44. உறைபனி விடியலில் அது 48ஐத் தொடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்துவது கன்ட்ரோலர். 50 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலருக்கு அது எல்லையில் நிற்பது. 75 வோல்ட் கன்ட்ரோலர் நிம்மதி.

இணைக்கும் வரிசையும் முக்கியம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேனலுக்குத் தனிச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை அதற்கு ஓய்வு கிடையாது. வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் உலோகப் பட்டை கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள்; ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். இரு முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரம் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பெரிய சுமையைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்து, ஒவ்வொரு லக்கின் அருகிலும் உறையின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். எது மற்றவற்றை விடச் சூடாக இருக்கிறதோ அதைக் கழற்றிப் புதிதாக லக் அடியுங்கள்.