பெட்ரோல் மாற்றினால் போர் விமானம் வேகமாகுமா?

"1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டதும் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வேகமானதாமே? என் பைக்குக்கும் பிரீமியம் பெட்ரோல் போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வேகமானது உண்மை. ஆனால் லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அந்தப் பெட்ரோலில் ஆற்றல் ஒன்றும் கூடுதல் இல்லை.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் உண்டு. மெலிந்த காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளும் விசிறிச் சக்கரம் அது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அது தரும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்.

வேடிக்கை இதற்கப்புறம்தான். இந்தச் சக்கரத்தை ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்துக்கென்று வடிவமைத்திருந்தார்கள். தரையருகே காற்று அடர்த்தி. அங்கேயும் முழுசாகத் திறந்துவிட்டால் கலவை சூடேறி, தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் தானே வெடிக்கும். அதுதான் நாக்கிங், பிஸ்டனே ஓட்டையாகலாம். அதனால் காற்று நீக்கிய ஓர் உலோகக் குப்பியைக் காவலுக்கு வைத்தார்கள். பூஸ்ட் ஏறினால் குப்பி சுருங்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு மூடும். விமானி கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும் தாழ்வில் வால்வு பாதிதான் திறந்திருக்கும்! உயரே போகப் போக மெல்லத் திறந்து, 5 கி.மீ.யில் முழுசாகத் திறக்கும்.

பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். 87 ஆக்டேனில் பூஸ்ட் வரம்பு சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டு. நாக்கிங்கைத் தாங்கும் 100 ஆக்டேன் வந்ததும், அவசரத்துக்கு 5 நிமிடம் மட்டும் 12 பவுண்டு வரை போக அனுமதித்தார்கள். வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்தால் 21 பவுண்டு 26.7 ஆனது: 27 சதவீதம் கூடுதல். எஞ்சின் திறனும் ஏறத்தாழ அந்த அளவு கூடும். ஆனால் வேகம் அவ்வளவு ஏறாது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், சுமார் 8 சதவீதம்தான் கிடைக்கும். கடல் மட்டத்தில் மணிக்கு 455 கி.மீ. வேகத்தோடு இன்னொரு 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கி.மீ.க்கு மேலே? வால்வு ஏற்கெனவே முழுசாகத் திறந்தாயிற்று. அதே பெட்ரோல் அங்கே ஒன்றும் தராது.

சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் இல்லாத பைக்குக்கும் இதே கதிதான். பிரீமியம் போட்டதும் பைக் பறக்கிறது என்பவர்களிடம் வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

மேல் வானத்துக்கு வழி சொன்னவர் ஸ்டான்லி ஹூக்கர். மெர்லினைத் தயாரித்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் 1938இல் சேர்ந்த கணிதக்காரர். சூப்பர்சார்ஜருக்குள் காற்று ஓடும் விதத்தைச் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். கணிதம் படித்தவருக்கு எஞ்சின் தொழிற்சாலையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கையில்தான் பல இடங்களில் ஆய்வு நிதி இருக்கிறது. 1942இல் இரண்டு சக்கரங்களை அடுத்தடுத்து வைத்து, அமுக்கிய காற்றைக் குளிர்வித்தும் அனுப்பும் மெர்லின் 61 போருக்கு வந்தது. அதைப் பூட்டிய ஸ்பிட்ஃபயர் 7½ கி.மீ. உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 650 கி.மீ. பறந்தது.