யார் செய்த பாவமும் இல்லை: சிக்கிள் செல், பரிணாமம், கடவுள்

நீலகிரி மலையின் கூடலூரில் ஜூலை மழை பிடித்தால் லேசில் விடாது. ராத்திரி குளிர் ஏறினால் மறுநாள் காலை எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கையிலும் காலிலும் முதுகிலும் எலும்புக்குள்ளே குடைகிற வலி. சில பிள்ளைகள் அழக்கூட மாட்டார்கள், அசைந்தால் இன்னும் வலிக்கும் என்று மரம்போலக் கிடப்பார்கள்.

அப்படி வந்த ஒரு ஆறு வயதுக் குழந்தையின் கதையோடு தொடங்குகிறேன். குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கூடவே அப்பாவைப் பெற்ற பாட்டி. குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அன்று மதியம் அந்த அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தைவகோபமாணோ டாக்டரே?”

இந்தப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். கேள்வி புரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் பாட்டி கட்டிலில் இருந்தபடியே பதில் சொல்லிவிட்டார். “இவ வீட்டுல சாபம் இருக்கு டாக்டரம்மா. இவ அண்ணன் பிள்ளையும் இப்படித்தான் போச்சு. நாங்கதான் தெரியாம பெண்ணெடுத்துட்டோம்.”

அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பல வருஷமாகக் கேட்டுப் பழகிய பேச்சு என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பதினான்கு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். இந்த நோயைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. இது யார் செய்த பாவம் என்பதுதான். அதற்கு நான் சொல்லும் பதில் எனக்குக் கிடைத்தது பரிணாம அறிவியலில் இருந்து. பரிணாமத்தை ஒப்புக்கொண்டால் கடவுள் நம்பிக்கை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்காக, அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய். நம் ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்கிறது. அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த ஒரே இடத்தில் வேலின் (valine) என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் சிக்கிள் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைகிறபோது அது ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல நீளும். வட்டமாக, மெத்தென்று இருக்க வேண்டிய அணு வளைந்து விறைத்துப்போய், சின்ன ரத்தக்குழாயில் சிக்கி அடைக்கும். வலி அங்கேதான் வருகிறது. நல்ல சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும், அதனால்தான் தீராத சோகை.

அந்த அம்மாவை லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பில் மகளின் ரத்தத்தைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். “கவாத்துக் கத்தி மாதிரி இருக்கு” என்றார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கத்தியின் வளைவு அப்படியேதான். கேரளாவில் அரிவாள் ரோகம் என்கிறார்கள். எனக்கு அந்த அம்மாவின் வார்த்தைதான் பிடித்திருக்கிறது.

பிறகு பாட்டியையும் உட்கார வைத்து, இரண்டு கிண்ணத்தில் காப்பிக்கொட்டையும் நல்லமிளகும் போட்டேன். இந்த ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அப்பா கிண்ணத்தில் ஒரு காப்பிக்கொட்டை, ஒரு மிளகு. அம்மா கிண்ணத்திலும் அதேபோல. மிளகுதான் சிக்கிள் மரபணு. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கிண்ணத்திலிருந்தும் கண்ணை மூடி ஒன்று ஒன்று எடுத்துக்கொண்டு பிறக்கிறது. இரண்டும் மிளகாக வந்தால் நோய். ஒன்று மட்டும் மிளகு என்றால் கேரியர், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு, இரண்டு பங்கு கேரியராக இருப்பதற்கு, ஒரு பங்கு எதுவும் இல்லாமல் பிறப்பதற்கு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று நினைத்து ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டி கிண்ணங்களை மாறி மாறிப் பார்த்தார். “அப்போ என் மகன் பக்கமும் உண்டா?”

“உண்டு பாட்டி. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் இப்படி வரும்.”

இதுவரை சொன்னது மரபியல். பழியை மருமகள் தலையில் மட்டும் போட முடியாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. இந்த மிளகு நம் கிண்ணத்துக்குள் எப்படி வந்தது, இவ்வளவு கெடுதல் செய்வது ஏன் இத்தனை தலைமுறையாக அழியாமல் இருக்கிறது என்று கேட்டால், அதற்குப் பரிணாமம்தான் பதில் சொல்லும்.

பதில் மலேரியா. கூடலூர், பந்தலூர் எல்லாம் பழைய வயநாட்டின் ஒரு துண்டு. வயநாட்டுக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் அடிவாரத்து ஆட்கள் மலையேறவே அஞ்சுவார்கள். 1880-ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தேடி வந்த கம்பெனிக்காரர்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்தக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்த மக்கள் எங்கே போவார்கள்? அவர்களில் மிளகு ஒன்றும் இல்லாத குழந்தைகள் பலர் மலேரியாவில் போனார்கள். இரண்டு மிளகு உள்ள குழந்தைகள் சிக்கிள் நோயில் போனார்கள். ஒரே ஒரு மிளகு உள்ள குழந்தையின் அணுவுக்குள் மலேரியாக் கிருமி நுழைந்தால், அந்த அணு வளைந்து, கிருமி பெருகும் முன்னே உடம்பே அதை அழித்துவிடும். உயிரை வாங்குகிற கடும் மலேரியாவில் இருந்து கேரியர் குழந்தைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய 90 சதவீதம். பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். அவர்கள் வழியாக அந்த மரபணுவும் பிழைத்தது.

இது நான் கட்டிய கதை அல்ல. கென்யாவில் வளர்ந்த ஆண்டனி ஆலிசன் என்ற மருத்துவர், ஆப்பிரிக்காவில் மலேரியாவும் சிக்கிள் மரபணுவும் கைகோத்துப் போவதை 1954-ல் காட்டினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1952-ல், இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? எங்கள் நீலகிரியில், இங்குள்ள பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதியது. உலகப் பாடப்புத்தகங்கள் பரிணாமத்துக்கு உதாரணம் காட்டுகிற நோய் எங்கள் வார்டில் கட்டில் எண்ணோடு படுத்திருக்கிறது. (இதை ஆதிவாசி நோய் என்று ஒதுக்குவதும் தவறு. வயநாடன் செட்டி சமூகத்திலும் இது உண்டு. கொசு சாதி பார்த்துக் கடிக்கவில்லை.)

இனி என் கதை. நான் குமரி மாவட்டத்துக்காரி, மார்த்தாண்டம் பக்கம். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற வீடு. ப்ளஸ் டூவில் விலங்கியல் எடுத்தபோது ஞாயிறு வகுப்பு ஆசிரியர் டார்வின் பிசாசின் ஆள் என்றார். பள்ளிக்கூட சார், பைபிளை வைத்துவிட்டு வா, அப்புறம் பரிணாமம் படிக்கலாம் என்றார். இரண்டு பேருக்கும் பயந்து மனசுக்குள் இரண்டு நோட்டு வைத்துக்கொண்டேன். பரீட்சையில் ஒன்றை எழுதினேன், சபையில் இன்னொன்றைச் சொன்னேன். டாக்டர் ஆன பிறகும் பல வருஷம் அப்படியேதான் ஓடியது. அந்த நோட்டுகளை ஒன்றாகத் தைத்தது இந்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தம்.

குரங்கிலிருந்து வந்தோமா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் நிற்பதில்லை. இன்றைய குரங்கு யாருக்கும் தாத்தா அல்ல, நமக்கும் அவற்றுக்கும் பொதுவான முன்னோர் உண்டு என்பதுதான் அறிவியல். முன்பு சொன்ன 146 அமினோ அமிலங்களும் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஒன்று விடாமல் ஒன்றேதான். கொரில்லாவுக்கு ஒரே ஒரு இடத்தில் மாற்றம். இதைக் கேட்டு என் விசுவாசம் ஆட்டம் காணவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கினார் என்பதை அவமானமாக நினைக்காத நான், உயிருள்ள முன்னோர்கள் வழியாக உண்டாக்கினார் என்பதற்கு ஏன் கூச வேண்டும்? கத்தோலிக்க சபையில் 1950-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணாமத்தில் வந்திருக்கலாமா என்று ஆராயத் தடையில்லை என்றார். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பரிணாம மரபியலைக் கட்டி எழுப்பியவர்களில் தியடோசியஸ் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். மலேரியாவுக்கும் ரத்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1949-ல் முதலில் சொன்ன உயிரியலாளர் ஹால்டேன் கடவுள் மறுப்பாளர், கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கே வந்து 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர். வேறு வேறு நம்பிக்கை, கண்டதோ ஒரே உண்மை.

அதே சமயம், அவசரமாக முடிச்சுப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. மீன், ஆமை, பன்றி என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்தி அதுதான் பரிணாமம் என்கிறார்கள். மாணிக்கவாசகர் புல்லாய்ப் புழுவாய் மரமாய்ப் பிறந்து இளைத்ததைப் பாடியதைச் சொல்லி, டார்வினுக்கு முன்பே நமக்குத் தெரியும் என்கிறார்கள். என் கிறிஸ்தவ நண்பர்களும் ஆதியாகமத்தின் ஆறு நாளை ஆறு யுகமாக நீட்டுகிறார்கள். மாணிக்கவாசகர் பாடியது ஓர் உயிர் பிறவிகளில் அலைந்து களைத்த களைப்பை, ரத்த அணுவின் வரலாற்றை அல்ல. பாட்டைப் பாடப்புத்தகமாக்கினால் பாட்டின் கண்ணீரும் போகும், பாடத்தின் உண்மையும் போகும்.

உண்மையான முட்டுக்கட்டை இதில் எதிலும் இல்லை. அது அந்தக் கட்டிலில் இருக்கிறது. மலேரியாவில் இருந்து ஒரு கூட்டத்தைக் காப்பாற்ற, அதே கூட்டத்தின் சில குழந்தைகள் வலியில் துடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு என்ன ஏற்பாடு? டார்வினையும் வாட்டியது இதுதான். 1851-ல் அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்தாள். உயிரோடு இருக்கும் புழுவின் உடம்புக்குள்ளே குஞ்சு வளர்க்கிற குளவிகளை அன்பான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்று 1860-ல் ஏசா கிரேக்கு எழுதினார். ஏசா கிரே ஹார்வர்டு தாவரவியலாளர், உறுதியான கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர். அவராலும் அந்தக் கேள்வியை முழுதாகத் தீர்க்க முடியவில்லை. என்னாலும் முடியாது. நள்ளிரவில் ஆக்சிஜன் மாஸ்க் போட்ட பிள்ளையின் பக்கத்தில் நின்று ஜெபித்தபோது, கோபமாகவும் ஜெபித்திருக்கிறேன்.

ஆனால் சாபம் என்ற பதிலைவிட பரிணாமம் சொல்லும் பதில் எவ்வளவோ மேல். சாபம் என்றால் கடவுள் இந்தக் குழந்தையைக் குறிவைத்து அடிக்கிறார் என்று அர்த்தம், அவளைப் பெற்றவள் குற்றவாளி என்று அர்த்தம். பரிணாமம் அந்தக் குற்றப்பத்திரிகையைக் கிழித்துப் போடுகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவரும் காரணமில்லை என்றார் இயேசு. சிறுவயதிலிருந்து கேட்ட பகுதிதான். வார்டில் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

2023-ல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தபோது நான் வருந்தியதும் இதற்காகத்தான். பத்தோடு படிப்பை நிறுத்துகிற பிள்ளைகளும், பிறகு உயிரியல் எடுக்காத பிள்ளைகளும் அதை வேறு எங்கே படிப்பார்கள்? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. ஆசிரியர்களே, அதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு சிக்கிள் செல் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பக்கத்து மக்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கல்யாணம் பேசும் முன், முடியாவிட்டால் கர்ப்பம் தரித்த உடனே, இருவரும் ரத்தம் பரிசோதியுங்கள். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். கேரியர் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் ஆபத்து. நோய் உள்ள பிள்ளைக்கு நிறையத் தண்ணீர், குளிரில் ஸ்வெட்டர், தவறாத தடுப்பூசி, டாக்டர் சொன்னபடி, அணு வளைவதைக் குறைக்கிற ஹைட்ராக்சியூரியா மருந்து, ஃபோலிக் அமிலம். காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். கோயிலுக்கு நேர்ச்சை வையுங்கள், பள்ளிவாசலில் துவா கேளுங்கள், சபையில் ஜெபியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். நேர்ந்துகொண்டாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று ஒரு மழைக்காலத்தில் நிறுத்திய பிள்ளையை மீட்டுக் கொண்டுவர எனக்குப் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பாட்டி டிஸ்சார்ஜ் அன்று புடவை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினார். “எனக்கும் ரத்தம் எடு. என் கிண்ணத்துல என்ன இருக்குன்னு நான் பார்க்கணும்.” வயது எழுபதுக்கு மேல், பட்டியலில் வராத வயது. ஆனாலும் எடுத்தோம்.

ரிசல்ட் வந்தது. கேரியர். மருமகள் படித்துக் காட்டினார். பாட்டி அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சின்னதுல எனக்கும் என் அக்காவுக்கும் ஒண்ணா விறைகாய்ச்சல் வந்துச்சு. அக்கா போயிட்டா. நான் பொழைச்சது இதனாலதானா டாக்டரம்மா?”

“இருக்கலாம் பாட்டி. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்.”

அவர் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.