மெலிந்த தசைக்குள் காத்திருக்கும் உட்கருக்கள்

"கல்லூரி அணியில் ஆடினேன். இப்போது 43 வயது. மறுபடி பந்தைத் தொட்டால் உடம்பு கேட்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓய்வை முடித்துக்கொண்டு 40 வயதில் இந்தியக் கால்பந்து அணிக்குத் திரும்பி, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்ட சுனில் சேத்ரியைப் பார்த்து வந்த ஆசையாம்.

சேத்ரி தேசிய அணியிலிருந்துதான் விலகியிருந்தார். பெங்களூரு கிளப்புக்கு ஆடிக்கொண்டேதான் இருந்தார். இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர் கேமரூனின் ரோஜர் மில்லா. பெரிய ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு ரீயூனியன் தீவில் இருந்தவரை, நாட்டின் அதிபரே கூப்பிட்டு 1990 உலகக் கோப்பைக்குப் போகச் சொன்னார். அப்போது அவருக்கு 38 வயது. எல்லா ஆட்டத்திலும் மாற்று ஆட்டக்காரராகவே இறங்கி, ருமேனியாவுக்கு எதிராக இரண்டு, கொலம்பியாவுக்கு எதிராக இரண்டு என 4 கோல் அடித்தார்.

வயதானால், சட்டெனச் சுருங்கி விரிந்து வேகம் தரும் தசை இழைகள் மெலியும், அவற்றை இயக்கும் நரம்பு செல்கள் குறையும், ஓட்டத்தின் முதல் சில அடிகளில் பழைய துள்ளல் இருக்காது. இதெல்லாம் தெரிந்ததுதான். அப்புறம் எப்படித் திரும்பி வருகிறார்கள்?

தசை இழை என்பது ஒரே ஒரு செல். ஆனால் நீளமான குழாய் போன்ற அந்தச் செல்லுக்குள், சவ்வை ஒட்டினாற்போல் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரு விஏஓ தன் கிராமத்தை மட்டும் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு உட்கருவும் தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்குத்தான் புரதம் செய்யச் சொல்லி உத்தரவு அனுப்பும். பயிற்சியால் இழை தடிக்கும்போது ஊர் பெரிதாகிறது. பழைய ஆட்கள் போதாது. இழையின் வெளிப்புறத்தில் சாட்டிலைட் செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்கும். அவை விழித்துப் பெருகி, சில இழையோடு கலந்து தங்கள் உட்கருவை அதற்கே கொடுத்துவிடுகின்றன. ஒரு செல் தன்னையே இன்னொன்றுக்குள் கரைத்துக்கொள்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பயிற்சியை விட்டால் இழை மெலியும், ஊர் சுருங்கும். ஆனால் அலுவலர்கள் போய்விடுவார்களா? ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு உயிருள்ள எலியின் கால் தசையில் சாயம் செலுத்தி உட்கருக்களை எண்ணிப் பார்த்தது. கூடுதல் சுமை கொடுத்தபோது, இழை தடிப்பதற்குச் சில நாள் முன்பே உட்கருக்கள் பெருகின. பிறகு நரம்பை வெட்டித் தசையை மெலியவிட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் உட்கருக்கள் அப்படியே இருந்தன. 2010-இல் வெளியான ஆய்வு இது. வேலை மறுபடி வந்தால் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை, உத்தரவு போட்டால் போதும். மனிதரில் இது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. உட்கருக்கள் குறைவதாகக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன.

எலிக் காலில் உட்கரு எண்ண எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. முதுமையில் சாட்டிலைட் செல்களும் குறைந்துவிடும். அப்படியானால் இளமையில் சேர்த்த உட்கருக்கள், 70 வயதில் நாற்காலியிலிருந்து எழக் கைகொடுக்கலாம். இதைவிட அவசியமான கேள்வி எத்தனை இருக்கிறது? நம் பல்கலைக்கழகங்களும் இதற்குத் தாராளமாகச் செலவிட வேண்டும். "ஜிம்மை விட்டால் சதையெல்லாம் கொழுப்பாகிவிடும்" என்ற பயமும் அப்போதுதான் போகும். தசை செல் வேறு, கொழுப்பு செல் வேறு. ஒன்று மற்றொன்றாக மாறாது.

மில்லா 1994-இலும் வந்தார். 42 வயதில், ரஷ்யாவுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் இறங்கிய உடனேயே கோல் அடித்தார்.

வாசகருக்கு ஒன்று: உங்கள் தசை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தேறக்கூடும். அதை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை மெதுவாகத்தான் பழகும். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்தால், அன்றைக்கு வேக ஓட்டம் வேண்டாம். பந்தை மெல்லப் பாஸ் செய்து பழகுங்கள்.