‘முன்னுரிமை வரிசை’ என்பது சரியா?

சிங்கப்பூர்ச் சுற்றுலாக்களை விற்கும் கொழும்பு முகவர் ஒருவரின் தமிழ்க் கையேடு, செந்தோசாத் தீவின் கேளிக்கைப் பூங்காவில் மேலதிகப் பணம் கட்டி எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்கியோர் செல்வதை ‘முன்னுரிமை வரிசை’ என்றும், ஏனையோர் நிற்பதைக் ‘காத்திருப்பு வரிசை’ என்றும் பெயர்த்திருக்கிறது. இந்தப் பெயர்ப்பு அடிக்கடி கண்ணில் படுவதால் மறுத்து எழுத வேண்டியுள்ளது.

கியூ என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த, ‘வால்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். நமது ‘வரிசை’யோ ஒழுங்கை மட்டுமன்றித் தகுதியையும் குறிக்கும், குறள் 528இல் அது தகுதியே.

முன்னுரிமையின் உயிர் ‘உரிமை’யில் இருக்கிறது. பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆசனம் ஒதுக்குவது முன்னுரிமை, ஏனெனில் அவர்களது நிலையே அதைக் கோருகிறது. காசு கொடுத்து முந்துவது கொள்வனவு, அதற்கு உரிமையின் பெயரைச் சூட்டினால் உண்மையான முன்னுரிமையைச் சொல்ல நம்மிடம் சொல் இராது. டிஸ்னி பூங்காக்கள் 1999இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ், நுழைவுச்சீட்டு உள்ள எவருக்கும் இலவசமாகத் திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக் கொடுத்ததால், அதை ‘முன்பதிவு வரிசை’ எனலாம். 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் கட்டணச் சேவை அதன் இடத்துக்கு வந்தது. ஆகவே சொல்லும் ‘கட்டண விரைவு வரிசை’ என மாறுவதே நேர்மை. ‘காத்திருப்பு’ என்பதும் பொருந்தாது, இரு வரிசையினரும் காத்திருக்கவே செய்கின்றனர். கோயில்களில் நாம் நாளும் சொல்லும் ‘பொது’ என்ற சொல் இருக்க, மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டியது ஏனோ?

இரு வரிசையினரையும் மாறி மாறி உள்ளே விடும் முறைக்கு அதே கையேடு சூட்டிய ‘வரிசைச் சமநிலை’ என்ற பெயர் இன்னும் மோசம். இரு வரிசைகளும் கூடும் இடத்தில் நிற்கும் ஊழியர், விரைவு வரிசையில் பலரை விட்டபின் பொது வரிசையில் சிலரை விடுகிறார். மணிக்கு ஊர்தியில் ஏறக்கூடியோர் தொகை மாறாதிருக்க, விரைவு வரிசைக்குக் கூடும் ஒவ்வோர் இருக்கையும் பொது வரிசைக்குக் குறைகிறது. ஊர்தி பழுதாகி மீண்டும் ஓடும்போது, அதுவரை ஏற முடியாதிருந்த விரைவுச் சீட்டுக்காரர் ஒருமிக்க வர, பொது வரிசை அசையாது நிற்கும். இதில் சமம் எங்கே? ‘அனுமதி விகிதம்’ என்றால் தெளிவு. சிலர் ‘அனுமதி வீதம்’ என்கின்றனர். நம் பாடசாலைக் கணிதத்தில் வீதம் வேறு, விகிதம் வேறு. மணிக்கு எத்தனை பேர் என்பது வீதம், அவருக்கு இத்தனை பேர் என்றால் இவருக்கு எத்தனை பேர் என்பது விகிதம்.