கிட்ட எறியும்போதுதான் வலிக்கிறது: டிஸ்க் கோல்ஃபின் குறுந்தூர எறிதல்

சென்ற ஆண்டு என் சிகிச்சை அறைக்கு வந்த ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், வலது முழங்கையின் வெளிப்பக்கத்தை இடது கட்டைவிரலால் அழுத்திக் காட்டியபடியே நாற்காலியில் அமர்ந்தார். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் என்பதால் பாரம் தூக்கும் வேலை அவருக்கு அதிகமில்லை. எனவே, என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நண்பர்களோடு டிஸ்க் கோல்ஃப் ஆடுவதாகச் சொன்னார். நானும் அதைத்தான் சில ஆண்டுகளாக ஆடி வருகிறேன் என்றதும் ‘சார்’ மறைந்து ‘அண்ணே’ வந்துவிட்டது. “அண்ணே, தூரமா எறியும்போது ஒண்ணும் செய்யல. கிட்ட எறியும்போதுதான் சுருக்குன்னு இழுக்குது,” என்றார்.

என் பையில் எப்போதும் கிடக்கும் பழைய பட்டர் (குறுந்தூரத்துக்கான டிஸ்க்) ஒன்றை அவரிடம் கொடுத்து, அதைக் கையிலிருந்து விட்டுவிடாமல், இருபது மீட்டர் தொலைவில் உள்ள கூடைக்கு எறிவதுபோலச் செய்துகாட்டச் சொன்னேன். கை பின்னால் எட்டும் தூரம்வரை போயிற்று; அங்கிருந்து முழு வேகத்தில் நெஞ்சை ஒட்டி வந்தது; வந்த வேகத்தில், ஓட்டுநர் அவசரமாக பிரேக் போட்ட பேருந்தைப் போல, நடுவிலேயே நின்றது. நின்ற கணத்தில் அவருடைய விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. வழக்கமான பரிசோதனைகளைப் பிறகு செய்தேன் என்றாலும், விடை அந்த விரல்முட்டிகளிலேயே இருந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஓரிரு வரிகள். பந்துக்குப் பதிலாக வட்டமான பிளாஸ்டிக் டிஸ்கையும், குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையையும் வைத்து, மிகக் குறைந்த எறிகளில் கூடைக்குள் சேர்ப்பதே ஆட்டம். எட் ஹெட்ரிக் என்பவர் 1975ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் நிரந்தரத் திடலை அமைத்தார்; இப்போது நாம் பார்க்கும் சங்கிலிக் கூடையும் அவர் உருவாக்கியதுதான். கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் நின்று எறிவதைப் ‘பட்’ என்கிறார்கள். அதற்கு வெளியே, முழு வீச்சு தேவைப்படாத தொலைவில் நின்று கூடையருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் எறிதான் ‘அப்ரோச்’. தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு அது ஏறத்தாழ 15 முதல் 45 மீட்டர் வரையிலான தூரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக ஆட வருபவர்கள் பெரும்பாலும் முதல் எறியின் நீளத்திலேயே மனத்தை வைக்கிறார்கள். ஆனால் 70 மீட்டர் தொலைவில் கூடை இருக்க, முதல் எறி 45 மீட்டர் போயிற்று என்றால், எஞ்சிய 25 மீட்டர்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. அந்த எறி கூடைக்கு மூன்று மீட்டருக்குள் விழுந்தால் மூன்றாவது எறியில் ஆட்டம் முடியும். பத்து மீட்டர் தள்ளி விழுந்தால் நான்கு, சில நாள்களில் ஐந்து. நிலம் குறைவான சிங்கப்பூரில் நம்மில் பலர் மடக்குக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிடைத்த திறந்தவெளியில்தான் பழகுகிறோம். அங்கே நூறு மீட்டர் எறிவதற்கு இடமும் இல்லை, எறிந்தால் யார் தலையில் விழும் என்ற நிச்சயமும் இல்லை. ஆகவே குறுந்தூர எறிதலே நமக்கு வாய்த்த பாடம். அதைக் குறைபாடாக நான் கருதவில்லை.

அந்த நண்பரிடம் நான் கண்ட பிழையைத் தொடக்கநிலையில் இருக்கும் மிகப் பலரிடமும் காண்கிறேன். குறைந்த தூரம் எறிவதென்பது, நெடுந்தூர எறி ஒன்றைத் தொடங்கி நடுவில் அடக்குவது என்று கை நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது சிறிதாகத் தொடங்கி முழுமையாக முடியும் தனி எறி. தூரத்தைக் குறைக்க வேண்டிய இடம் எறியின் தொடக்கம்; முடிவில் குறைக்கப் போனால் டிஸ்கும் கெடும், முழங்கையும் கெடும்.

முழங்கை கெடுவது எப்படி என்பதைச் சற்று விளக்க வேண்டும். மணிக்கட்டைப் பின்புறமாக வளைக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் ஒரு தசைநாணாகச் சேர்கின்றன. எதையேனும் இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் காப்பவை இவையே. ஆகவே பிடி இறுக இறுக இவற்றின் சுமையும் ஏறுகிறது. எறியை நடுவில் நிறுத்த முயலும் கை, நம்மை அறியாமலேயே டிஸ்கை நசுக்கிப் பிடிக்கிறது. ஒரு காலையில் அறுபது எழுபது முறை இப்படிச் செய்து, மறுநாள் முழுவதும் கணினிச் சுட்டியைப் பிடித்து, வாரக் கடைசியில் மீண்டும் அதையே செய்தால், டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவருக்கும் ‘டென்னிஸ் எல்போ’ வரும். முப்பத்தைந்து வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் அது அதிகம் காணப்படுகிறது.

மாற்று வழி கடினமானதன்று. வலக்கைப் பழக்கமுள்ளவர் பேக்ஹேண்டாக, அதாவது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, எறிவதாகக் கொள்வோம். வலது தோள் கூடையை நோக்கி இருக்கும். 15 மீட்டருக்கு, டிஸ்க் வலது மார்புக்கு நேரே இருந்து புறப்பட்டால் போதும். 25 மீட்டருக்கு இடது மார்புக்கு நேரே இருந்தும், 40 மீட்டருக்கு இடது தோளைத் தாண்டியும் அது புறப்படட்டும். இந்த அளவுகள் என் கைக்குப் பொருந்தியவை. உங்கள் கைக்கு ஐந்து மீட்டர் கூடலாம், குறையலாம். எங்கிருந்து புறப்பட்டாலும், டிஸ்க் விடுபட்ட பிறகு கை தானாகவே கூடையைக் கடந்து சுழன்று ஓய வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கை ஓய்ந்து நிற்கும் இடம் மூன்று தூரங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

மெதுவாக எறிய வேண்டும் என்பதற்காகச் சுழற்சியையும் குறைத்துவிடுபவர்கள் உண்டு. பம்பரம் சுழலும்வரைதான் நிமிர்ந்து நிற்கிறது. வேகம் குறைந்ததும் தலையாட்டத் தொடங்குகிறது. டிஸ்குக்கும் அதே கதைதான். முன்னோக்கிய வேகம் குறைவாகவும் சுழற்சி நிறைவாகவும் இருக்கும் எறி நேராகச் சென்று அமைதியாக இறங்கும். அதற்கு மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும். முட்டையைப் பிடிப்பதுபோல் தொடங்கி, விடும் கணத்தில் மட்டும் பிடி தானாக இறுகட்டும்.

அடுத்து, முன்விளிம்பு. “நான் மெதுவாத்தான் எறியிறேன், ஆனா மேல போயி, இடப்பக்கம் சாஞ்சு, பாதியிலேயே விழுந்திடுது” என்பவர்களின் டிஸ்க் பத்துக்கு எட்டு முறை மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் புறப்படுகிறது. முன்விளிம்பு உயர்ந்திருந்தால் காற்று அடிப்பக்கத்தில் மோதி அதை மேலே தள்ளுகிறது, வேகம் செத்துவிடுகிறது, வலக்கை பேக்ஹேண்டில் வலஞ்சுழியாகச் சுற்றும் டிஸ்க், வேகம் இழந்ததும் இடப்பக்கம் சரிகிறது. உணவங்காடியில் தே தாரிக் ஆற்றுபவரின் குவளை பிடித்த கையைக் கவனித்துப் பாருங்கள். ஊற்றத் தொடங்கும்போது கட்டைவிரல் பக்கம் முன்னோக்கிச் சாய, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே கீழிறங்கும். டிஸ்கைப் பிடித்த மணிக்கட்டும் அந்த நிலையில் இருந்தால் முன்விளிம்பு அடங்கிவிடும். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் செய்துகொண்டு, அதே காலையில் மலர்ந்த முகத்தோடு வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கால்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடிவந்து எறியும் அடிவைப்பு இந்தத் தூரங்களுக்கு வேண்டாம். நின்ற இடத்திலிருந்து, எடையைப் பின்காலில் தொடங்கி முன்காலுக்கு மாற்றினால் போதும்.

டிஸ்க் எங்கே விழுகிறது என்பதைப் போலவே எப்படி விழுகிறது என்பதும் முக்கியம். இதை நான் கற்றது ஒரு டிஸ்கைப் பறிகொடுத்து. எங்கள் புளோக்குக்குப் பின்னாலுள்ள திடலில் கூடையைச் சரிவின் ஓரம் வைத்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளைக்கு மேலாக உயர்த்தி எறிந்தேன். அது விளிம்பு நிலத்தில் பட விழுந்து, சக்கரம்போல் உருண்டு, என் கண் முன்னாலேயே லொங்காங்குக்குள் போய்ச் சேர்ந்தது. முந்தைய இரவு பெய்த மழைநீர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வடிகாலுக்குள் இறங்கித் தேடுவது ஆபத்தானது; நான் இறங்கவில்லை, நீங்களும் இறங்க வேண்டாம். கிளைக்கு அடியில், நெஞ்சுயரத்தில், தட்டையாகப் போயிருந்தால் அது புல்லில் வழுக்கி இரண்டு மூன்று மீட்டரில் நின்றிருக்கும். நம் நாட்டுப் பூங்கா மரங்கள் குடைபோல் விரிந்தவை. அவற்றுக்கு மேலே போக முயல்வதைவிட அடியில் புகுந்து போகப் பழகுவதே நல்லது.

எந்த டிஸ்க் வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை, ஒரே வகைப் பட்டர் மூன்று வாங்குங்கள் என்பதே. டிஸ்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் முறையே வேகம், மிதப்பு, திருப்பம், முடிவில் சரியும் தன்மை ஆகியவற்றைக் குறிக்கின்றன. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டரில் 2, 3, 0, 1 என்றிருக்கும். அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவரில் (நெடுந்தூரத்துக்கான டிஸ்க்) 12, 5, -1, 3. பன்னிரண்டு வேக டிரைவரைக் குறைந்த வேகத்தில் எறிந்தால் அது பறப்பதற்கு முன்பே சரிந்துவிடும். காற்று பலமாக வீசும் கடற்கரைப் பகுதிகளில் ஆடுபவர்களுக்கு டிஸ்கிராஃப்டின் ஸோன் போன்று உறுதியாக இடப்பக்கம் இறங்கும் ஒன்று உதவும்; மற்றவர்களுக்கு இப்போது அது செலவுதான்.

பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ அல்ட்டிமேட் ஃபிரிஸ்பி என்ற குழு ஆட்டத்தை ஆடிய இளையர்கள் சுழற்சியை ஏற்கெனவே அறிந்தவர்கள். அவர்களுக்கு வேறு தொல்லை. அங்கே 175 கிராம் எடையும் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் அகலமும் உள்ள டிஸ்கை மிதக்கவிட்டுப் பழகிய கை, 21 சென்டிமீட்டர் பட்டரையும் மிதக்கவிடப் பார்க்கிறது. அது மிதக்காமல் பாய்ந்து கூடையைத் தாண்டிவிடுகிறது. தாழ எறியுங்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு நான் தருவது மிக எளியது. முதல் வாரம் கூடையே வேண்டாம். 15 மீட்டர் தள்ளி நண்பரை நிறுத்தி, அவர் நின்ற இடத்திலிருந்து நகராமல் நெஞ்சுக்கு நேரே பிடிக்கும்படி எறியுங்கள். மனிதருக்கு எறியும்போது கை தானாக மென்மையாகிவிடுகிறது. கூடையைக் கண்டால்தான் விறைக்கிறது. அடுத்த வாரம் புல்லில் ஒரு துண்டை விரித்து, 15, 20, 25, 30 மீட்டர்களிலிருந்து மும்மூன்று எறியுங்கள். ஒரு நாளுக்கு முப்பது எறி போதும். துண்டைத் தாண்டியவற்றையும் முன்பே விழுந்தவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். என் அனுபவத்தில் பயந்த கை எப்போதும் குறைவாகவே எறியும், அவசரக் கை எப்போதும் தாண்டியே எறியும். உங்கள் கை எந்த ரகம் என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

நம் தட்பவெப்பமும் முழங்கையோடு தொடர்புடையது. காலை ஒன்பது மணிக்கே உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. வழுக்கும் டிஸ்கை நாம் நசுக்கிப் பிடிக்கிறோம். மேலே சொன்ன வலி அங்கிருந்தே தொடங்குகிறது. துண்டு இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கைக்கு, ஒன்று டிஸ்குக்கு. இடிச் சத்தம் கேட்டால் இரும்புக் கூடையின் பக்கத்தில் நின்று “இன்னும் ஒரே ஒரு எறி” என்று சொல்லாமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம். நடைபாதையில் ஆள் வந்தால் எறியாதீர்கள். பட்டர் மெதுவாகத்தான் வருகிறது என்றாலும் அதன் எடை பெரும்பாலும் 170 கிராமை ஒட்டியிருக்கும். குழந்தையின் முகத்துக்கு அது சிறிய பொருளன்று.

கிடங்கு மேற்பார்வையாளருக்கு மூன்று வாரங்கள் எறியாமல் இருக்கச் சொல்லி, மேசை விளிம்பில் முன்கையை வைத்து, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்த மணிக்கட்டை மறுகையால் உயர்த்தி, மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். ஒரு முறைக்குப் பதினைந்தாக மூன்று முறை, நாள்தோறும். பிறகு வலது மார்பிலிருந்து புறப்படும் 15 மீட்டர் எறியோடு மட்டும் ஆட்டத்துக்குத் திரும்பினார். இரண்டு மாதங்கள் கழித்து அவரைத் திடலில் பார்த்தபோது 25 மீட்டரிலிருந்து எறிந்த டிஸ்க் கூடையின் காலடியில் போய் நின்றது. அவர் கை கூடையைக் கடந்து தோளுயரத்தில் ஓய்ந்திருந்தது. வலியைப் பற்றிக் கேட்டேன். “அது போச்சுண்ணே. ஃபோர்ஹேண்ட் எப்போ சொல்லித் தருவீங்க?” என்றார். உள்ளங்கை முன்னோக்கி வர எறியும் ஃபோர்ஹேண்ட் முழங்கையின் உள்பக்கத்துக்கு வேலை வைப்பது; இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.